வேதாரண்யம் சதுப்பு: மே மாசத்துல போன தம்பிக்கு

அன்புள்ள அண்ணா,

உப்பளங்களைப் பத்தி நீங்க முன்னாடி எழுதினதைப் படிச்சிட்டு, மே லீவுல அப்பா அம்மாவைக் கூட்டிக்கிட்டு வேதாரண்யம், கோடியக்கரை போயிட்டு வந்தேன். எங்க சொந்த ஊர் மன்னார்குடி, இவ்ளோ பக்கத்துல இருந்தும் இதுவரைக்கும் போனதே இல்ல. உண்மையைச் சொன்னா ரொம்ப ஏமாத்தமா இருந்துச்சுண்ணா. ரோட்டோரம் பூரா வெடிச்ச சேறு, அங்கங்க வெள்ளையா உப்பு, அனல் காத்து. பூநாரை (ஃபிளமிங்கோ) ஒண்ணுகூட கண்ணுல படல. அகஸ்தியம்பள்ளில உப்பு சத்தியாகிரக ஸ்தூபியைப் பாத்தோம், அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடுச்சு. அப்பா, "இவ்ளோ இடம் சும்மா கிடக்கு, இறால் பண்ணை போட்டாலாவது நாலு பேருக்கு வேலை கிடைக்கும்"னாரு. எனக்கு பதில் சொல்லத் தெரியல. அதோட எனக்கே ஒரு சந்தேகம் இருக்கு. நீங்க உப்பையும் கொண்டாடறீங்க, பறவைகளையும் கொண்டாடறீங்க. உப்பளம் பெருகினா சதுப்பு சுருங்கும்தானே? ரெண்டையும் ஒண்ணா எப்படிப் பேசறது?

(பெயர் போட வேண்டாம்ணா)

அன்புள்ள தம்பி,

உங்க லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன். கடைசியா கேட்டீங்களே, அது ரொம்ப சரியான கேள்வி, அதுக்குக் கட்டாயம் வரேன், ஆனா முதல்ல மே மாசத்தைப் பத்திப் பேசிடணும், ஏன்னா உங்க ஏமாத்தத்துல பாதிக்குக் காரணம் அந்த மாசம்தான்.

வேதாரண்யம் சதுப்பு ஒரே வருஷத்துல ரெண்டு ஊரா இருக்கும். ஐப்பசி கார்த்திகைல மழை பிடிச்சா வளவனாறு, மானங்கொண்டான் ஆறுன்னு வடக்கேயும் மேற்கேயுமிருந்து வர்ற தண்ணியெல்லாம் வந்து பரவி, ஆழம் முழங்காலுக்குக்கூட வராது, ஆனா கண்ணுக்கெட்டின தூரம் தண்ணியா நிக்கும். கோடியக்கரைலேர்ந்து மேற்கால அதிராம்பட்டினம் பக்கம் வரைக்கும் சுமார் 48 கிலோமீட்டர், கடலுக்கும் இதுக்கும் நடுவுல ஒரு மணல் மேடுதான் தடுப்பு, அதுல அங்கங்க வாய் திறந்து கடல்தண்ணியும் உள்ள வரும். நல்ல தண்ணியும் உப்புத் தண்ணியும் கலந்து தை வரைக்கும் நிக்கும். அப்புறம் வெயில் ஏற ஏற தண்ணி குழம்பு சுண்டற மாதிரி சுண்டிக்கிட்டே போகும், சுண்டச் சுண்ட உப்பு ஏறும், சித்திரை வைகாசில நீங்க பாத்த மாதிரி வெடிச்ச சேறும் மேல வெள்ளைப் பூப்புமா நிக்கும். நீங்க பாத்தது செத்த நிலம் இல்ல தம்பி, அறுவடை முடிஞ்ச வயல் மாதிரி அது. மன்னார்குடிக்காரர் உங்களுக்கு இதைச் சொல்லிப் புரிய வைக்க வேண்டியதே இல்ல, கோடைல உங்க ஊர் வயலைப் பாத்துட்டு வெளியூர்க்காரன் ஒருத்தன் "இங்க ஒண்ணுமே விளையாதா"ன்னு கேட்டா உங்க அப்பாவுக்கு எப்படி இருக்கும்?

அந்த வெடிப்புக்குள்ள என்ன இருக்குன்னு கேட்டா, முட்டை இருக்கு. உப்பளப் பாத்திகள்ல ஆர்ட்டீமியான்னு ஒரு சின்ன பூச்சி மாதிரி, இறால் ஜாதி, நகத்துல வச்சா நகத்தோட அகலம்தான் இருக்கும், அதோட முட்டை காஞ்சு போய் தூசியோட தூசியா உப்பு மண்ணுல கிடக்கும், பழுப்பு நிறத்துல, வருஷக்கணக்குல கிடந்தாலும் தண்ணி பட்டா பொரியும். கொசு மாதிரி இருக்கற ஈக்களோட புழு சேத்துக்குள்ள நெளியும், பாசி இருக்கும், பொடி நத்தை இருக்கும். இவ்ளோதான், கேக்க அசிங்கமா இருக்கும், ஆனா சைபீரியாலேர்ந்து வர்ற பறவை வரைக்கும் இதை நம்பித்தான் வருது.

பூநாரை சாப்பிடறதை நான் கிட்டத்துலேர்ந்து பாத்தது ஒரு மார்கழி விடியக்காலை, உப்பளத்து வரப்புல குந்தி உக்காந்து, அசையாம, ஒரு மணி நேரம். பனி விலகற வரைக்கும் சத்தம் மட்டும்தான், வாத்து கத்தற மாதிரி ஒரு கொரகொரப்பு. அப்புறம் கால் தெரிஞ்சுது. அதுங்க கழுத்தைத் தொங்கப் போட்டு தலையைத் தலைகீழா தண்ணில வைக்கும், மேல் அலகு கீழயும் கீழ் அலகு மேலயுமா, நாக்கை பம்ப் மாதிரி அடிச்சுத் தண்ணியை உள்ள இழுத்து, அலகு ஓரத்துல சீப்புப் பல் மாதிரி இருக்கற வரிசைல வடிகட்டி வெளியே தள்ளும், அந்தத் தண்ணி அலகோட ரெண்டு பக்கமும் சின்னச் சின்ன வளையமா போறதை என் கண்ணால பாத்தேன். ஒண்ணு ஒரே இடத்துல நின்னுக்கிட்டு ரெண்டு காலையும் மாத்தி மாத்தி மிதிச்சு, நம்ம வீட்டுல மண்ணு குழைக்கற மாதிரி, மெதுவா தன்னைச் சுத்தியே திரும்பிக்கிட்டு வந்துச்சு, சேத்துல இருக்கற புழுவெல்லாம் கிளம்பி மேல வர்றதுக்காக. அது நகர்ந்து போன அப்புறம் தண்ணிக்கடில ஒரு வட்டம் மிச்சம் இருந்துச்சு, நடுவுல ஒரு மேடு, சுத்திப் பள்ளம். அந்த மாதிரி வட்டம் அந்தப் பாத்தி பூரா இருந்துச்சு, எல்லாம் கால் தடம்தான்னு அப்பதான் புரிஞ்சுது.

கூட்டத்துல பாதி சாம்பல் நிறமா இருந்தா அதெல்லாம் குஞ்சு பருவம் தாண்டினது, இன்னும் நிறம் ஏறலன்னு அர்த்தம். அந்த ரோஸ் கலர் பிறப்புல வர்றதில்ல, இந்தப் பாசிலயும் ஆர்ட்டீமியாலயும் இருக்கற நிறமி உடம்புல சேந்து சேந்துதான் இறகுல ஏறுது. ஒரு வகைல பாத்தா நம்ம உப்புத் தண்ணியோட நிறம்தான் அந்த ரெக்கைல இருக்கு. அதுங்க குஞ்சு பொரிக்கறது பெரும்பாலும் குஜராத்துல கட்ச் பக்கம் இருக்கற பெரிய உப்புப் பாலைவனத்துல, அதுவும் மழை சரியா இருந்தாத்தான். அங்கயும் உப்பு, இங்கயும் உப்பு.

பூநாரையை மட்டும் பாக்க வந்தீங்கன்னா பாதியை விட்டுடுவீங்க. கூழைக்கடா, கரண்டிவாயன், சங்குவளை நாரை, ஊசிவால் வாத்து, ஆலாக்கள் எல்லாம் வரும், ஆனா எனக்கு எப்பவுமே மனசு போறது கொசு உள்ளான்ங்கற குட்டிப் பறவைக்குத்தான். பறவைகளுக்கு வளையம் மாட்டற வேலை இங்க ரொம்ப வருஷமா நடக்குது, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்காரங்க செய்யறது, பறவையியல் அறிஞர் சலீம் அலியே வந்து பாத்து இந்த இடத்தோட அருமையைச் சொன்ன இடம். ராத்திரி வலைல சிக்கினதை எடுத்து, அளந்து, எடை போட்டு, கால்ல நம்பர் போட்ட அலுமினிய வளையம் மாட்டி விட்டுடுவாங்க. அப்படி ஒரு தடவை ஒரு கொசு உள்ளானை விடறதுக்கு முன்னாடி என் கைல குடுத்தாங்க. ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவுல கழுத்து வர்ற மாதிரி பிடிக்கணும்னு காட்டிக் குடுத்தாங்க. கோழி முட்டைல பாதி எடைகூட இருக்குமான்னு தெரியல, அவ்ளோ லேசு, ஆனா நெஞ்சு என் உள்ளங்கைல அடிச்ச அடி இன்னும் ஞாபகம் இருக்கு, தனித்தனியா எண்ண முடியாத வேகம். இது வடதுருவத்துக்குப் பக்கத்துல, ரஷ்யாவோட மரமே இல்லாத உறைபனிச் சமவெளில முட்டை வச்சு, குஞ்சு வளத்துட்டு, நம்ம ஊருக்கு வந்து இந்தச் சேத்துல தின்னு கொழுத்து, மறுபடியும் கிளம்பிப் போகுது. கிளம்பறதுக்கு முன்னாடி இதுங்க உடம்புல கொழுப்பு சேத்துக்கணும், இல்லன்னா வழில விழுந்துடும். அந்தக் கொழுப்பு வேற எங்கேர்ந்து வரும், உங்க அப்பா சும்மா கிடக்குன்னு சொன்ன சேத்துலேர்ந்துதான் வருது. அப்பாவைக் குறை சொல்லல தம்பி, தயவுசெஞ்சு அப்படி எடுத்துக்காதீங்க, அந்த மண்ணை அந்த மாசத்துல பாத்தா யாருக்கும் அப்படித்தான் தோணும், சர்க்கார் கணக்குலயே இந்த மாதிரி நிலத்துக்கெல்லாம் தரிசு, புறம்போக்குன்னுதானே பேர் வச்சிருந்தாங்க.

"இங்க யாரு இருப்பா"ங்கற கேள்வி பழைய கேள்விதான். தேவாரம் பாடின சுந்தரர் கோடியக்கரைல இருக்கற கோடிக்குழகர் சிவன் கோயிலுக்கு வந்தப்ப அவருக்கும் அதேதான் தோணியிருக்கு. கடல்காத்து வந்து மோதற கரை மேல, பக்கத்துல ஒரு குடிகூட இல்லாம, இப்படித் தனியா வந்து உக்காந்திருக்கீரே, உமக்கு யாரு துணைன்னு சாமியைப் பாத்து கேக்கறாரு. காட்டுல மரப்பொந்துல ஆந்தையும் கூகையும் குழறுதுன்னு வேற சொல்றாரு. ஆயிரத்து நூறு ஆயிரத்து இருநூறு வருஷம் ஆயிருக்கும், அந்தக் காடு இன்னும் இருக்கு, கோயிலும் அதே காட்டு ஓரத்துலதான் இருக்கு. நீங்க கோயிலுக்குப் போனதா எழுதல, அடுத்த தடவை போங்க, சாயங்காலமா போங்க. வேதாரண்யம் பெரிய கோயில்ல ஒரு எலிக் கதை இருக்கு, விளக்கு நெய்யைத் திங்க வந்த எலியோட மூக்கு பட்டு அணையப் போன திரி தூண்டிவிட்ட மாதிரி எரிஞ்சுதாம், அந்தப் புண்ணியத்துல அது அடுத்த பிறவில மாவலிச் சக்கரவர்த்தியா பிறந்துதாம். வேதாரண்யம் விளக்கழகுன்னு சொல்லுவாங்கல்ல, அந்த விளக்குதான். ஒரு எலிக்கு இவ்ளோ மரியாதை குடுத்த ஊர்ல கொசு உள்ளானுக்கும் ஒரு இடம் இருக்கும்னு நான் நம்பறேன்.

சரி, உப்புக்கு வரேன்.

ஸ்தூபி அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுதுன்னு எழுதினீங்க. தப்பு உங்க மேல இல்ல, ஸ்தூபியைத் தனியா பாத்தா அவ்ளோதான். திரும்பி நின்னு எதிர்ல இருக்கற மண்ணைப் பாக்கணும். தண்ணி வத்தினா இந்தச் சதுப்புல உப்பு தானா பூக்கும், யாரும் பாத்தி கட்ட வேண்டாம், காய்ச்ச வேண்டாம், பள்ளத்துல அப்படியே வெள்ளையா படியும். வெள்ளைக்காரன் போட்ட 1882 உப்புச் சட்டத்துல அதைக் குனிஞ்சு ஒரு கை அள்ளினாலும் குத்தம். வீட்டு வாசல்ல பூக்கற உப்பை ஒரு ஏழை எடுக்கக்கூடாது, வரி கட்டின உப்பைக் காசு குடுத்து வாங்கித் திங்கணும். காந்தியோட தண்டி யாத்திரைக்கு அடுத்து தமிழ்நாட்டுல எங்க நடத்தறதுன்னு யோசிச்சப்ப வேதாரண்யத்தை எடுத்ததுக்கு வேதரத்தினம் பிள்ளை மாதிரி ஊர்ல செல்வாக்கான ஒருத்தர் கூட நின்னது ஒரு காரணம், இந்த மண்ணு இன்னொரு காரணம்.

1930 ஏப்ரல் 13, திருச்சிலேர்ந்து ராஜாஜி தலைமைல சுமார் நூறு பேர் கிளம்பினாங்க. தஞ்சாவூர், கும்பகோணம் வழியா, உங்க மன்னார்குடி வழியாவும்தான், திருத்துறைப்பூண்டி தாண்டி 28ஆம் தேதி வேதாரண்யம் வந்து சேந்தாங்க, 240 கிலோமீட்டர் நடை, சித்திரை வெயில்ல. தஞ்சாவூர் கலெக்டரா இருந்த தார்ன், இவங்களுக்கு சோறு போட்டாலோ தங்க இடம் குடுத்தாலோ தண்டனைன்னு தண்டோரா போட்டுட்டாரு. அப்ப ஜனங்க என்ன பண்ணாங்கன்னா சோத்துப் பொட்டலத்தைக் கட்டி வழில இருக்கற மரக்கிளைல தொங்க விட்டுட்டு வீட்டுக்குள்ள போயிட்டாங்க, யாரு குடுத்தாங்கன்னே தெரியாது. உங்க ஊர்ல எந்த மரத்துல கட்டினாங்களோ, அப்பாகிட்ட கேளுங்க, தாத்தா காலத்துப் பேச்சு ஏதாவது வீட்டுல இருந்தாலும் இருக்கும். 30ஆம் தேதி விடியறதுக்குள்ள அகஸ்தியம்பள்ளில போய் உப்பை அள்ளினாங்க, ராஜாஜியைக் கைது பண்ணி ஆறு மாசம் உள்ள போட்டாங்க.

இதெல்லாம் பள்ளிக்கூடப் பாடத்துல இருக்கும். வைரப்பனைப் பத்தி இருக்கான்னு பாருங்க. வேதாரண்யத்துல முடிதிருத்தற தொழில் பாத்தவரு. போலீஸ்காரங்களுக்கு சவரம் பண்றதில்லன்னு முடிவு எடுத்தவரு. ஒரு நாள் யூனிஃபார்ம் இல்லாம ஒருத்தர் வந்து உக்காந்தாரு, பாதி முகம் ஆனப்பதான் அவர் போலீஸ்னு தெரிஞ்சுது, கத்தியை எடுத்து மடிச்சு வச்சுட்டாரு. மாஜிஸ்ட்ரேட் முன்னாடி கொண்டு போய் நிறுத்தி, மீதியை முடிச்சு விடுன்னு சொல்லியும் மாட்டேன்னுட்டாரு, ஜெயிலுக்குப் போனாரு. அவருக்கு வேதாரண்யத்துல ஒரு நினைவுத் தூண் இருக்கு தம்பி, நீங்க பாக்காம வந்துட்டீங்க. எனக்கு ராஜாஜி ஸ்தூபியைவிட அது பெருசு, ஏன்னா ராஜாஜிக்கு நாடு பூரா பேர் கிடைக்கும்னு தெரியும், வைரப்பனுக்கு அன்னிக்கு அந்தக் கூலியும் போயிடும்னு மட்டும்தான் தெரியும்.

உப்பு இங்க 1930ல வந்ததும் இல்ல. நெல்லுக்குச் சமமா உப்பு வாங்கிக்கறீங்களான்னு தெருவுல கூவிக்கிட்டு வர்ற உமணப் பொண்ணு சங்கப் பாட்டுலயே இருக்கா, பழக்கமில்லாத குரலைக் கேட்டு வீட்டு நாய் குரைக்கும். நெல்லுக்கு உப்பு சரிக்குச் சரி. டெல்டாவோட நெல்லும் கரையோட உப்பும் ஒண்ணை ஒண்ணு பாத்துக்கிட்டு வாழ்ந்த வாழ்க்கை அது.

இப்ப உங்க அப்பா சொன்ன இறால் பண்ணை. தொண்ணூறுகள்ல இதே நாகப்பட்டினம் கரைல அது வந்துச்சு, அப்பாவுக்கு ஞாபகம் இருக்கலாம். நெல்லு விளைஞ்ச நிலத்துல குளம் வெட்டி கடல்தண்ணியை பம்ப் பண்ணி விட்டாங்க, உப்பு பக்கத்து வயலுக்கும் கிணத்துக்கும் இறங்குச்சு, ஒரு வேலி நிலத்துக்கு இருபது பேர் நாத்து நட்ட இடத்துல ரெண்டு வாட்ச்மேன் வேலைதான் மிஞ்சுச்சு. அதை எதுத்து நின்னவரு சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன், கூடவே அவர் மனைவி கிருஷ்ணம்மாள். உண்ணாவிரதம், மறியல், கூடவே சுப்ரீம் கோர்ட்ல வழக்கு. 1996 டிசம்பர்ல தீர்ப்பு வந்துச்சு, கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள்ள இருக்கற அந்த மாதிரி இறால் பண்ணைங்களை எடுக்கச் சொல்லி. அதுக்கப்புறம் சட்டம் மாறினதும் பண்ணைங்க வேற வழில தொடர்ந்ததும் தனிக் கதை. நான் சொல்ல வர்றது என்னன்னா, 1930ல இந்த மண்ணு யாருக்குன்னு ஒரு கேள்வி கேட்டாங்க, 66 வருஷம் கழிச்சு இதே ஜில்லாக் கரைல காந்தி வழில வந்த ஒரு கிழவர் அதே கேள்வியைத் திரும்பக் கேட்டாரு. அப்பாகிட்ட இதை மட்டும் சொல்லிப் பாருங்க, விவசாயி, அவருக்கு சட்டுனு பிடிபடும்.

உங்க கடைசிக் கேள்வி. உப்பளம் பறவைக்கு எதிரியா?

சின்ன உப்பளம் எதிரி இல்ல. நான் இதை உறுதியா சொல்லுவேன், ஏன்னா நான் பூநாரை பாத்ததே உப்பளப் பாத்தில. எப்படின்னு சொல்றேன். உப்பளத்துல டிகிரின்னா சூடு இல்ல, தண்ணில உப்பு எவ்ளோ செறிஞ்சிருக்குங்கற அளவு, கடல்தண்ணி மூணு டிகிரி சுமார் இருக்கும், அதைப் பெரிய பாத்தில விட்டு வெயில்ல காய வச்சு, அடுத்த பாத்திக்கு மாத்தி, அடுத்ததுக்கு மாத்தி, இருபத்தஞ்சு டிகிரி வந்தாத்தான் உப்பு இறங்கும். முப்பதைத் தொட விடக்கூடாது, விட்டா கசப்பு ஏறிடும், அந்தத் தண்ணியை வெளியே தள்ளிடணும். வயசான ஆளுங்க மீட்டரே வைக்க மாட்டாங்க, ரெண்டு விரலால தொட்டு ஒட்டற பதத்தை வச்சு சொல்லிடுவாங்க. உப்பு இறங்கற பாத்தில காலைல பாத்தா தண்ணி மேல பாலாடை மாதிரி ஒரு ஏடு நிக்கும், காத்து தொட்டா உடைஞ்சு அடில உக்காரும். வெயிலுக்கு முன்னாடி, இருட்டோட இருட்டா வந்து நீளக் கம்புல பலகை அடிச்சு அதை வாருவாங்க, சரக் சரக்னு அந்தச் சத்தம் அரை கிலோமீட்டர் கேக்கும். அந்தக் கடைசிப் பாத்தில பறவை திங்கற மாதிரி ஒரு உயிரும் இருக்காது. ஆனா அதுக்கு முந்தின பாத்திகள், பாதி உப்பு ஏறின தண்ணி, அதுலதான் ஆர்ட்டீமியாவும் புழுவும் நெரியும், மீன் அந்த உப்புல வாழ முடியாததால தின்ன ஆள் வேற இல்ல, பறவைக்கு விருந்து. வெளில சதுப்பு காஞ்சு போன அப்புறமும் உப்பளத்துல தண்ணி நிக்கும், அதனால பங்குனி வரைக்கும் பறவை தங்கும்.

பிரச்சினை எங்க ஆரம்பிக்குதுன்னா, ஒரு ஆளு ரெண்டு மூணு ஏக்கர்ல சேறு வச்சு வரப்பு கட்டறதுல இல்ல. ஆயிரக்கணக்கான ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து ஆளுயரத்துக்கு மேல கரை போட்டு, ஓடைங்களோட வாயை மறிச்சு, வருஷம் பூரா கடல்தண்ணியை பம்ப் பண்ணி நிறுத்தினா அது வேற. அப்ப மழைத்தண்ணி வழக்கமா பரவற இடத்துக்கு வர முடியாது, வந்த உப்பு மழைல கழுவிப் போகவும் முடியாது. சதுப்புங்கறது ஏறி இறங்கணும் தம்பி, வருஷத்துக்கு ஒரு தடவை இனிக்கணும், ஒரு தடவை கரிக்கணும். எப்பவும் கரிச்சா நத்தை போகும், மீன் குஞ்சு போகும், பாசி மாறும், கடைசில பறவை குறையும். குறைஞ்சுக்கிட்டு வருதுன்னு பறவை ஆய்வாளர்கள் ரொம்ப வருஷமா சொல்லிக்கிட்டேதான் இருக்காங்க, அங்க மீன் பிடிக்கறவங்களும் அதையே சொல்றாங்க.

இன்னொரு பாதிக் காரணம் நம்ம பக்கம் இருக்கு. வேதாரண்யம் காவிரிக்குக் கடைமடை. மேட்டூர் அணை 1934ல வந்ததுக்கு முன்னாடி வெள்ளம் வந்தா கடைசி வரைக்கும் வண்டலோட வந்து இந்தச் சதுப்புலயும் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுலயும்தான் அடங்கும். இப்ப தண்ணி கடலுக்குப் போனா வீணாப் போச்சுன்னு டிவில சொல்றாங்க, நாமளும் தலையாட்டறோம். பாமணியாறு, கோரையாறு தண்ணி முத்துப்பேட்டை லகூனுக்குப் போறது வீணா? அந்தக் கலங்கின தண்ணில அலையாத்தி வேருக்குள்ள புகுந்துதான் இறாலும் மீனும் குஞ்சா இருக்கற காலத்தைக் கழிக்குது, அப்புறம் கடலுக்குப் போய் வலைல விழுது. பாமணியாறு உங்க ஊரைத் தொட்டுத்தானே போகுது. மன்னார்குடில ஓடற தண்ணி எவ்ளோ உயிரோட வந்து சேருதுங்கறது சதுப்போட கதைல ஒரு முக்கியமான பக்கம், அதனாலதான் உங்க லெட்டர் மன்னார்குடிலேர்ந்துன்னு பாத்ததும் இவ்ளோ நீளமா எழுதறேன்.

வெளிமானைப் பாத்தீங்களான்னு எழுதல. 1967ல சரணாலயம் அறிவிச்சதே அதுக்காகத்தான், ஆண் மான் முதுகு கருப்பா, வயிறு வெள்ளையா, முறுக்கின கொம்போட புல்வெளில நின்னா கண்ணை எடுக்க முடியாது. சீமைக்கருவேலம் புல்லைத் தின்னுக்கிட்டே வருது, காட்டுல திரியற குதிரைங்களும் அதே புல்லைத்தான் மேயுது. கஜா புயல் அடிச்ச 2018 நவம்பர் 16 காலைல அந்தக் காடு பட்ட பாட்டை எழுத எனக்கு மனசு வராது, பாலை மரமெல்லாம் வேரோட சாஞ்சு கிடந்துச்சு, மான் செத்து ஒதுங்கின படத்தைப் பாத்தேன், அப்புறம் பாக்கல. உப்பளம் பூரா கடல் சேறு ஏறி வருஷத்து உப்பு போச்சு. அதுக்கு முன்னாடி சுனாமில சோழர் காலத்துக் கலங்கரை விளக்கத்தோட மிச்சம் மீதி செங்கல்லும் போயிடுச்சு, நான் அதைச் சின்ன வயசுல பாத்திருக்கேன், ஆளுயர மொட்டையா, மேல செடி முளைச்சு, ஆடு நிழலுக்குப் படுத்திருக்கும். போட்டோ எடுக்கணும்னு தோணினதே இல்ல, எப்பவும் இருக்கும்னு நெனச்சேன்.

2002ல இந்தச் சதுப்பை ராம்சர் பட்டியல்ல, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்ல சேத்தாங்க, 38,500 ஹெக்டேர், கோடியக்கரைலேர்ந்து முத்துப்பேட்டை காடு வரைக்கும் சேத்து ஒரே பேர்ல. தமிழ்நாட்டுல அந்தப் பட்டியலுக்குப் போன முதல் இடம் அதுதான். பட்டியல் வந்ததால எல்லாம் சரியாயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன், ஆனா ஒரு காரியம் ஆச்சு, காடு தனி, உப்பளம் தனி, அலையாத்தி தனின்னு பிரிச்சுப் பேசறவங்களுக்கு இது ஒரே தண்ணின்னு காட்ட ஒரு காகிதம் கிடைச்சுது.

சரி, எப்ப வரணும்னு நீங்க கேக்கல, நானே சொல்றேன். மார்கழி கடைசி, தை முதல் வாரம். பொங்கல் லீவு இருக்கும்ல. தை அமாவாசையன்னிக்கு மட்டும் வேண்டாம், கடல் குளிக்க வர்ற கூட்டம் ஜாஸ்தி. திருத்துறைப்பூண்டிலேர்ந்து அகஸ்தியம்பள்ளிக்கு ரயில் மறுபடி 2023லேர்ந்து ஓடுது, அதுல வந்தா ரெண்டு பக்கமும் உப்பளம் வெள்ளையா வரும், அப்பாவுக்குப் பிடிக்கும், அந்த லைன்ல ஒரு காலத்துல உப்பு மூட்டைதான் முக்கியமான பயணி. முதல் நாள் ராத்திரி வேதாரண்யத்துல தங்கிட்டு விடியறதுக்கு முன்னாடி கிளம்புங்க. சிவப்பு, மஞ்சள் சட்டை வேண்டாம். வனத்துறை ஆபீஸ்ல சொல்லிட்டுப் போங்க, வழி காட்ட ஆள் கிடைக்குமான்னு கேளுங்க. சேத்துல இறங்காதீங்க, மேல காஞ்சு தெரியும், கீழ முழங்கால் வரைக்கும் இழுக்கும். பைனாகுலர் இல்லன்னா என்கிட்ட இருக்கு, எழுதுங்க, குடுத்து அனுப்பறேன்.

வரப்புல உக்காந்து சத்தம் போடாம இருங்க, பனி விலகட்டும். தண்ணிக்கடில அந்த வட்டம் தெரியுதான்னு முதல்ல அப்பாவைப் பாக்கச் சொல்லுங்க. நாத்தங்காலை மிதிச்சு சமன் பண்ணி இருப்பாரு, அவருக்கு அது என்னன்னு பாத்தவுடனே தெரிஞ்சிடும்.

அன்புடன்,
அண்ணன்